கதிரவனும் களஞ்சியமும்: ஒசூர், கிருஷ்ணகிரி எல்லைப்புறத்தின் காற்றும் பஞ்சமும்

1871ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அன்றைய சேலம் ஜில்லாவின் மக்கள்தொகை 19,66,995. பத்தாண்டுகள் கழித்து 1881இல் எண்ணியபோது எஞ்சியிருந்தோர் 15,99,595 பேர். இயல்பாகப் பெருகியிருக்க வேண்டிய தொகையில் மூன்று இலட்சத்து அறுபத்தேழாயிரம் குறைந்து போயிற்று. ஐவர் இருந்த வீட்டில் ஒருவரைக் காணோம் என்பது ஏறத்தாழ இந்தக் கணக்கின் பொருள். இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களும் திருப்பத்தூர்ப் பகுதியும் அந்த ஒரே ஜில்லாவில் அடங்கியிருந்தன. அதன் வடமேற்கு மூலையில், மைசூர்ப் பீடபூமியின் விளிம்பில் இருந்தது ஒசூர். எல்லைக்கு அப்பால், அந்நாளில் ஆங்கிலேயக் கமிஷனர் ஆட்சியில் இருந்த மைசூரிலும் நிலைமை வேறாக இல்லை. அங்கே 50 இலட்சத்து 55 ஆயிரமாக இருந்த குடிகள் அதே பத்தாண்டுகளில் 41 இலட்சத்து 86 ஆயிரமாகக் குறைந்தனர். பஞ்சத்துக்கு அஞ்சி எல்லையைத் தாண்டியவர்கள் இன்னொரு பஞ்சத்துக்குள்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

தமிழ் மக்கள் இதனைத் தாது வருஷப் பஞ்சம் என்று நினைவில் வைத்திருக்கிறார்கள். தாது ஆண்டு 1876 ஏப்ரலில் பிறந்தது. பஞ்சமோ அடுத்த ஆண்டையும் தாண்டி 1878 வரை நீடித்தது. காணாமற்போனோர் அனைவரும் மாண்டவர் அல்லர். இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களும் அவர்களுள் உண்டு. ஆயினும் பெரும்பகுதியினரைப் பட்டினியும், பட்டினியின் பின்னே வந்த வாந்திபேதியும் காய்ச்சலும் கொண்டு சென்றன. இந்தியாவில் ஆங்கிலேயர் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் மாத்திரம் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர் என்பது அரசாங்கமே பின்னர் ஒப்புக்கொண்ட தொகை.

இத்தனை உயிர்களுக்கு யார் பொறுப்பு என்ற வினா எழுந்தபோது, ஒரு விடை மிக விரைவில் வந்தது: கதிரவன்.

அந்த விடையைச் சொன்னவர் சாமானியர் அல்லர். இந்திய அரசின் புள்ளிவிவரத் துறைத் தலைவராக இருந்த வில்லியம் வில்சன் ஹண்டர் 1877இல் தென்னிந்தியாவின் வறட்சிச் சுழற்சியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். சென்னையில் 1813 முதல் குறித்து வைக்கப்பட்ட மழையளவுகளை எடுத்துக்கொண்டு, சூரியனின் முகத்தில் தோன்றி மறையும் கரும்புள்ளிகளின் எண்ணிக்கையோடு அவற்றை ஒப்பிட்டார். கரும்புள்ளிகள் சுமார் பதினோராண்டுகளுக்கு ஒருமுறை பெருகிச் சுருங்கும். அவை சுருங்கும் ஆண்டுகளில் சென்னையின் மழையும் சுருங்குகிறது என்பது ஹண்டரின் முடிவு. புகழ்பெற்ற வானியலாளர் நார்மன் லாக்கியர் அவரோடு சேர்ந்து கொண்டார். கரும்புள்ளிகளும் பஞ்சங்களும் என்ற பொருளில் இருவரும் எழுதிய கட்டுரை அதே ஆண்டு இலண்டன் ஏடொன்றில் வந்தது. ஹண்டருக்கு நாம் நியாயம் செய்ய வேண்டும். பஞ்சம் வரும் ஆண்டை முன்கூட்டியே அறிய முடிந்தால் ஆயத்தம் செய்துகொள்ளலாம் என்பதும் அவருடைய வாதத்தின் ஒரு பகுதி. ஆனால் நூல் வெளிவந்த வேளை அத்தகையது. சாவுகளுக்குக் காரணம் ஒன்பது கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறது என்று கேட்பதில் ஆட்சியாளருக்கு எத்தகைய ஆறுதல் இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அந்த விடையில் எவ்வளவு உண்மை, எவ்வளவு தப்பித்தல் என்பதே நமது வினா. அதற்கு முதலில், கதிரவன் காற்றையும் மழையையும் எங்ஙனம் ஆள்கிறான் என்பதை மனிதர் அறிந்துகொண்ட வரலாற்றைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். அவ்வரலாறு ஐரோப்பாவில் தொடங்கவில்லை.

காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்திருந்தவர்கள் தமிழர். வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். பெயர்களிலேயே பருவமும் பதிந்திருப்பதை நாம் கவனிக்கிறோம். அரபு மாலுமிகள் அதே காற்றுகளைக் காலத்தால் பெயரிட்டார்கள். பருவம் என்று பொருள்படும் 'மவ்சிம்' என்ற அரபுச் சொல்லே போர்ச்சுக்கீசியர் வாயில் மாறி, ஆங்கிலத்தில் 'மான்சூன்' ஆயிற்று. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் கடற்கலை நூல் எழுதிய ஜுல்ஃபார் நகரத்து அஹ்மத் இப்னு மாஜித், எந்தத் துறையிலிருந்து எந்த நாளில் புறப்பட வேண்டும் என்பதை நவ்ரோஸ் நாளிலிருந்து எண்ணிக் கணக்கிட்டார். தென்மேற்குக் காற்று உச்சத்தில் வீசும் ஏறத்தாழ மூன்று மாதங்களைக் கடல் பூட்டப்படும் காலம் என்றே அந்த மரபினர் குறிப்பிட்டனர். அக்காலத்தில் மலபாரிலிருந்தோ குஜராத்திலிருந்தோ பாய் விரிப்பவன் உயிரைப் பணயம் வைப்பவன். அவருக்குப் பின் வந்த சுலைமான் அல்மஹ்ரியும், 1554இல் அகமதாபாத்தில் தங்கியிருந்து கடல் நூல் எழுதிய உதுமானியக் கடற்படைத் தலைவர் சீதி அலி ரயீஸும் இந்த அறிவைத் தொகுத்துத் தந்தவர்கள்.

மாலுமிகளுக்குத் தேவைப்பட்டது காற்று எப்போது வீசும் என்பது. ஏன் வீசுகிறது என்று கேட்டவர் அவர்களுக்கு ஆறு நூற்றாண்டு முன்னர், பக்தாதில் வாழ்ந்த யஃகூப் இப்னு இஸ்ஹாக் அல்கிந்தி. கடலின் ஏற்றவற்றத்தைப் பற்றிய தம் நிருபத்தில் அவர் காற்றின் காரணத்தையும் ஆராய்ந்தார். வெப்பத்தால் பொருள்கள் விரிகின்றன, குளிரால் சுருங்குகின்றன. எனவே கதிரவன் ஒரு திசையில் நிலைத்துச் சுடும்போது அங்குள்ள காற்று விரிந்து, குளிர்ந்து சுருங்கிய திசையை நோக்கி ஓடுகிறது. அந்த ஓட்டமே காற்று என்றார். கோடையில் கதிரவன் வடபால் இருக்கையில் காற்று தெற்கு நோக்கியும், குளிர்காலத்தில் மாறாகவும் ஓடும் என்பது இதிலிருந்து அவர் பெற்ற முடிவு. பத்தாம் நூற்றாண்டில் இந்தியக் கரை வரை வந்து திரும்பிய வரலாற்றாசிரியர் அல்மஸ்ஊதி இக்கருத்தைத் தம் நூலில் எடுத்து எழுதினார். பதினொன்றாம் நூற்றாண்டின் அல்பீரூனி காரணத்தை விட இடவேறுபாட்டில் கருத்துச் செலுத்தினார். இந்தியாவில் கோடையில் பெய்யும் பெருமழைக்கு 'வர்ஷகாலம்' என்று பெயர் என்பதையும், முல்தான் மக்கள் தங்களுக்கு அத்தகைய காலமே இல்லை என்று கூறியதையும் அவர் பதிந்து வைத்திருக்கிறார்.

அல்கிந்தியின் விளக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. இந்து மாக்கடலில் நேர்மாறாகவே நடக்கிறது. கதிரவன் வடக்கே இருக்கும் ஆனி, ஆடி மாதங்களில் காற்று தெற்கிலிருந்து வடக்கு நோக்கி, அதாவது வெப்பமான நிலத்தை நோக்கி வருகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நம் ஊர்க் கிழவிக்கு அது தெரியும். காரணத்தைச் சரியாகப் பிடித்த அறிஞர் திசையில் தவறியது எதனால்? சூடான காற்று பக்கவாட்டில் பரவுகிறது என்று அவர் கருதினார். அது முதலில் மேலே எழுகிறது என்பது அவருடைய விளக்கத்தில் இல்லை. இந்த ஒரு படியைச் சேர்த்தவர் எட்மண்ட் ஹாலி. 1686இல் அவர் வெளியிட்ட காற்று வரைபடமும் கட்டுரையும், சூடேறிய காற்று எழும்பும்போது அடியில் உண்டாகும் இடத்தை நிரப்பக் குளிர்ந்த காற்று ஓடி வருகிறது என்று கூறின. இந்து மாக்கடலின் பருவக்காற்றையும் அவர் அவ்வாறே விளக்கினார். அவருக்கு அந்தக் காற்றுகளைப் பற்றிச் சொன்னவர்கள் மாலுமிகள்தாம். பின்னர் 1735இல் ஜார்ஜ் ஹாட்லி என்னும் வழக்கறிஞர், நிலநடுக்கோட்டை நோக்கி ஓடும் காற்று ஏன் நேராக ஓடாமல் சாய்ந்து ஓடுகிறது என்பதற்குப் பூமியின் சுழற்சியைக் காரணமாகக் காட்டினார். அவருடைய கணக்கிலும் பிழை இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் அது சீரானது.

நம்மவருள் சிலர், மேலை நாட்டார் கண்டதையெல்லாம் முன்னரே நாம் கண்டுவிட்டோம் என்று நிறுவுவதையே வரலாறு என்று எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அல்கிந்திக்கு அத்தகைய வாதம் தேவையில்லை. வானத்து நிகழ்ச்சிக்கு வெப்பம், விரிவு, ஓட்டம் என்ற மூன்றே சொற்களில் காரணம் தேடத் துணிந்ததே அவருடைய பெருமை. எனினும் இவ்விடத்தில் ஒரு வியப்பைச் சொல்லாமல் இருக்க இயலவில்லை. 1958இல் இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம், கோடை மாதங்களில் தென்னிந்தியாவின் வானில், தரையிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மிகுந்த விரைவில் ஓடும் ஒரு காற்றாற்றை அடையாளம் காட்டினார். வடக்கே சூடேறி எழுந்த காற்று உயரத்தில் தெற்கு நோக்கித் திரும்பும்போது, பூமியின் சுழற்சி அதனை வலப்புறம் வளைப்பதால் உண்டாவது அந்த ஆறு. அல்கிந்தி சொன்ன திசை, பலூன் விடாமல் யாரும் அறிந்திருக்க முடியாத அந்த உயரத்தில் மெய்யாகவே இருக்கிறது.

அந்த மேற்காற்று ஓடும் பாதை வட அட்சம் 10 முதல் 15 பாகை வரையில் உள்ளது. ஒசூர் 12¾ பாகையில் இருக்கிறது. தரைக்கு அருகிலோ நேரெதிர்த் திசையில் இன்னொரு காற்று ஓடுகிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் தீபகற்பத்தைக் குறுக்கே கடக்கும் மேற்குக் காற்றின் விசையை 1966இல் பி. வி. ஜோசப்பும் பி. எல். ராமனும் எடுத்துக் காட்டினர். மூன்று ஆண்டுகள் கழித்து ஃபின்ட்லேட்டர் என்பவர், அக்காற்று தென் அரைக்கோளத்திலிருந்து கென்யக் கரையோரமாக நிலநடுக்கோட்டைக் கடந்து, சோமாலியாவைத் தழுவி, அரபிக்கடலைக் கடந்து வருவதை வரைந்தார். ஒசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஊர். ஆடி மாதத்தில் அதன் தொழிற்பேட்டைக் கூரைகளைத் தட்டும் காற்றுக்கும் ஆப்பிரிக்கக் கரையில் மீனவர் பாயை நிரப்பும் காற்றுக்கும் உறவு நெருக்கமானது.

இந்த இரண்டு மாடிக் காற்றையும் ஓட்டுவது கதிரொளியே. பூமியின் மேல்வானத்தை நேராகத் தாக்கும் கதிரொளி சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1361 வாட். அதில் பத்தில் மூன்று பங்கு மேகமும் பனியும் மணலும் திருப்பியனுப்பி விடுகின்றன. எஞ்சியது எங்கும் ஒரே அளவாக விழுவதில்லை. வெப்ப மண்டலத்தில் வருவது போவதை விட மிகுதி. துருவங்களில் போவது வருவதை விட மிகுதி. இந்த ஏற்றத்தாழ்வைச் சமன் செய்ய முயல்வதே காற்றின் வேலை, கடல்நீரோட்டத்தின் வேலை. கடல் இதில் வெறும் பார்வையாளன் அன்று. கதிரவன் கொடுத்த வெப்பத்தை அது நீராவியாக மாற்றிக் காற்றிடம் ஒப்படைக்கிறது. அந்த ஆவி ஆயிரக்கணக்கான மைல் கடந்து மேகமாகும்போது, மறைந்திருந்த வெப்பம் மீண்டும் வெளிப்பட்டு, காற்றை மேலும் எழுப்பி, மேலும் காற்றை இழுக்கிறது. காற்றும் கடலுக்குத் திருப்பிச் செய்கிறது. சோமாலியக் கரையை ஒட்டி ஓடும் நீரோட்டம் ஆண்டுக்கு இருமுறை பருவக்காற்றோடு திசை மாறுவது அதனால்தான்.

கதிரவன் ஒசூருக்கு நேர் உச்சியில் நிற்பது ஆண்டில் இருமுறை: ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒன்று, ஆகஸ்ட் 19ஐ ஒட்டி ஒன்று. நிலத்தின் வெப்பமே மழைக்குக் காரணமாயின் ஏப்ரல், மே மாதங்களிலேயே பருவமழை கொட்ட வேண்டும். அப்போது வருவதோ மாந்தோப்புகளில் பிஞ்சை உதிர்க்கும் இடிமழையும் ஆலங்கட்டியும்தான். நிலம் மழையால் குளிர்ந்துவிட்ட சூலை மாதத்தில் காற்று முழுவிசையோடு வீசுகிறது. ஜார்ஜ் சிம்சன் இந்த முரணை 1921இலேயே சுட்டிக் காட்டினார். உலகைச் சுற்றி வெப்ப மண்டலத்தில் கிடக்கும் மேகப் பட்டை, கதிரவனைத் தொடர்ந்து, ஆனால் அவனுக்குச் சற்றுப் பிந்தி, வடக்கே ஏறுவதே பருவமழை என்ற விளக்கம் இன்று வலுப்பெற்றிருக்கிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1980இல் அந்தப் பட்டையின் நடமாட்டத்தைத் தொடர்ந்தவர்கள் டி. ஆர். சிக்காவும் சுலோசனா காட்கிலும். பின்னவர் பணியாற்றிய பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் ஒசூரிலிருந்து ஐம்பது கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது.

இந்த எல்லைப்புறத்துக்கு இன்னொரு தன்மை உண்டு. தமிழகத்தின் கடலோரம் வடகிழக்குப் பருவத்தை நம்பி வாழ்கிறது. கர்நாடகம் தென்மேற்கை நம்புகிறது. கிருஷ்ணகிரி மாவட்டம் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அதன் ஆண்டு மழை சராசரியாக 800 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதில் பெரும்பங்கு தென்மேற்கிலிருந்தும், அடுத்த பங்கு வடகிழக்கிலிருந்தும் வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலை முதலில் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் அனுப்புகிறது. கேழ்வரகும் கொள்ளும் இம்மண்ணின் பயிர்களாக நிலைத்ததற்குக் காரணம் இந்த மிச்சக் கணக்கு. ஒரு பருவம் பொய்த்தால் மறு பருவம் தாங்கும் என்பது இங்குள்ள உழவனின் காப்பு. 1876இல் இரண்டும் ஒன்றாகப் பொய்த்தன. 1877இன் தென்மேற்கும் செப்டம்பர் வரை வரவில்லை.

இந்திய வானிலைத் துறை 1875இல்தான் தொடங்கப்பட்டிருந்தது. அதன் முதல் தலைவர் ஹென்றி பிளான்ஃபோர்ட், பதவியேற்ற மறு ஆண்டே இப்பேரழிவைச் சந்தித்தார். அவர் கரும்புள்ளியை விடுத்து இமயமலையின் பனியை நோக்கினார். பனி மிகுந்த ஆண்டில் மழை குறைகிறது என்ற அவருடைய கணிப்பின் அடிப்படையில், பருவமழைக்கான முறையான முன்னறிவிப்பு 1886 சூன் 4 அன்று வெளியாயிற்று. கரும்புள்ளிக் கொள்கையோ முற்றிலும் மடியவில்லை. கதிரவனை நாள்தோறும் ஆராய ஒரு நிலையம் வேண்டும் என்ற கோரிக்கைக்கு அதுவும் சென்னை மாகாணப் பஞ்சமும் வலுவூட்டின. கோடைக்கானலில் சூரிய ஆய்வகம் எழுந்தது அதன் பயன். பிழையான கொள்கை ஒன்று நல்ல நிறுவனத்தைத் தந்துவிட்டுப் போவதுண்டு.

1904இல் துறைத் தலைமை ஏற்ற கில்பர்ட் வாக்கர் கேம்பிரிட்ஜ் கணித அறிஞர். வானிலையில் அவருக்குப் பயிற்சி கிடையாது. உலகெங்கும் இருந்து வந்த காற்றழுத்த, மழை அளவுகளை இந்திய எழுத்தர்களைக் கொண்டு ஆண்டுக்கணக்கில் ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கணக்கிட்டார். கரும்புள்ளிகளுக்கும் இந்திய மழைக்கும் உள்ள தொடர்பு மிக மெலிந்தது என்பதை 1915இல் எழுதினார். பசிபிக் மாக்கடலில் காற்றழுத்தம் உயர்ந்தால் இந்து மாக்கடலில் தாழ்கிறது, அங்கே தாழ்ந்தால் இங்கே உயர்கிறது என்ற ஊசலை அவரே கண்டு, 1924இல் அதற்குத் தென்திசை அலைவு என்று பெயரிட்டார். காரணம் அவருக்குத் தெரியவில்லை. 1969இல் யாக்கப் பியர்க்னெஸ், பெரு நாட்டுக் கடல் அவ்வப்போது சூடேறும் எல் நினோவும் வாக்கரின் ஊசலும் ஒரே நிகழ்ச்சியின் இரு முகங்கள் என்று நிறுவினார். பசிபிக்கின் வெந்நீர் கிழக்கே நகர்ந்தால், காற்று எழும்பும் இடமும் நகர்கிறது. இந்தியாவின் மேல் காற்று எழும்புவது தளர்ந்து மழை குன்றுகிறது. 1877-78இல் எழுந்த எல் நினோ, பதிவில் உள்ளவற்றுள் மிக வலியவற்றில் ஒன்று. 1876இன் வடகிழக்குப் பருவம் தவறியதை மட்டும் அதன் கணக்கில் எழுத முடியாது. பொதுவாக எல் நினோ ஆண்டில் வடகிழக்கு வலுக்கவே செய்யும்.

1997இல் எல் நினோ பேருருக் கொண்டும் இந்தியாவின் மழை குறையவில்லை. இந்து மாக்கடலுக்கும் தனக்கென ஒரு ஊசல் இருப்பதை, 1999இல் சாஜி, கோஸ்வாமி, விநயசந்திரன், யமகாட்டா ஆகிய நால்வர் எழுதிய ஆய்வு வெளிப்படுத்தியது. மேற்கே, ஆப்பிரிக்கக் கரைப்பக்கம் கடல் சூடேறிக் கிழக்கே சுமத்ராப் பக்கம் குளிர்ந்தால், எல் நினோவின் தீங்கை அது ஓரளவு ஈடு செய்யக்கூடும்.

ஆக, கதிரவன் மழையை ஆள்கிறான் என்று 1877இல் சொன்னவர்கள் அடிப்படையில் பொய் சொல்லவில்லை. அவர்கள் தேடிய இடம்தான் வேறு. பதினோராண்டுச் சுழற்சியில் கதிரொளியின் அளவு மாறுவது ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. மாறாத அந்த ஒளியைக் கடலும் காற்றும் எங்கே சேர்த்து வைத்து எங்கே விடுகின்றன என்பதில்தான் வறட்சி பிறக்கிறது. அந்த மட்டில் எந்தக் கலெக்டரும் பொறுப்பாளி அல்லர்.

ஆனால் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. இதற்குச் சான்று தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. 1873-74இல் பீகாரிலும் மழை பொய்த்தது. வங்காளத்தின் துணை ஆளுநராக அப்போது பொறுப்பேற்ற ரிச்சர்ட் டெம்பிள், பர்மாவிலிருந்து அரிசி வரவழைத்து, தாராளமாக நிவாரணம் நடத்தினார். பட்டினிச் சாவு மிகச் சிலவே. அதற்காக அவர் பாராட்டப்படவில்லை. பணத்தை வாரி இறைத்தவர் என்று இலண்டனில் பழிக்கப்பட்டார். அதே டெம்பிளைத்தான் 1877 சனவரியில் வைசிராய் லிட்டன் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். இம்முறை அவர் கற்ற பாடத்தை மறக்கவில்லை. நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் போதும் என்று விதித்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் இந்த அளவில் உழைப்பவன் உயிர் தரிக்க மாட்டான் என்று எழுத்தில் எதிர்த்தார். சென்னை ஆளுநர் பக்கிங்ஹாம் தானியம் வாங்கிச் சேர்க்க முயன்றபோது, வாணிபத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கை குறுக்கே நின்றது. இந்தியாவிலிருந்து தானிய ஏற்றுமதி அந்த ஆண்டுகளிலும் நின்றுவிடவில்லை.

சேலம் வழியாக இருப்புப்பாதை அப்போதே இருந்தது. ஜோலார்பேட்டையிலிருந்து பெங்களூருவுக்கும் 1864 முதல் ரயில் ஓடியது. தானியமும் வந்தது. வந்த தானியத்தை வாங்கக் காசு இல்லாதவனுக்கு ரயிலால் பயனில்லை. ஆயினும் 1880ஆம் ஆண்டுப் பஞ்ச விசாரணைக் குழுவின் பின்னர் ரயில் பாதையே பஞ்சத்துக்கு மருந்து என்ற எண்ணம் வேரூன்றியது. திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கும், மொரப்பூரிலிருந்து தருமபுரி வழியாக ஒசூருக்கும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குறுகிய பாதைகள் போடப்பட்டதற்குப் பஞ்சக் காப்பு என்றே பெயர். இரண்டாம் உலகப்போரை ஒட்டிய காலத்துக்குள் இரண்டும் மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. ஒசூருக்கு வேறு பாதை பின்னர் வந்தது. கிருஷ்ணகிரி நகரம் இன்றும் ரயிலுக்குக் காத்திருக்கிறது.

பஞ்சம் இன்று இல்லை. பொது விநியோகக் கடையும், தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கெலவரப்பள்ளி, கிருஷ்ணகிரி அணைகளும், 1970களிலிருந்து ஒசூரில் எழுந்த சிப்காட் தொழிற்சாலைகளும் மழையையே நம்பிய வாழ்க்கையை மாற்றிவிட்டன. ஆனால் கடல் முன்னை விடச் சூடேறி வருகிறது. சூடேறிய காற்று மிகுந்த ஆவியைச் சுமக்கிறது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்து, வலுவிழந்த நிலையில் உள்நாட்டுக்குள் நகர்ந்தபோது, டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அது. மாறாக 2016இல் வடகிழக்குப் பருவம் தமிழகம் முழுவதும் 62 விழுக்காடு குறைந்தது.

குறைந்த ஆண்டில்தான் எல்லை கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. காவிரி நீர் தமிழகத்துக்குள் வருவதை அளக்கும் பிலிகுண்டுலு இந்த மாவட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. 2007இல் நடுவர் மன்றம் அங்கே 192 டி.எம்.சி. என்று விதித்தது, 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 177.25 என்று திருத்தியது. இவை இயல்பான ஆண்டுக்கான கணக்குகள். குறைவான ஆண்டில் பங்குகள் அதே விகிதத்தில் குறைய வேண்டும் என்று நடுவர் மன்றமே சொல்லியிருக்கிறது. எதை வைத்து, எந்த மாதத்தில், எவ்வளவு குறைப்பது என்பதற்கு இரு மாநிலங்களும் ஒப்புக்கொண்ட வாய்ப்பாடு 2023இல் இருக்கவில்லை.

அந்த ஆண்டு எல் நினோ எழுந்தது. ஆகஸ்ட் மாதம் இந்தியா முழுவதற்கும் 1901க்குப் பிறகு மிக வறண்ட ஆகஸ்டாக அமைந்தது. செப்டம்பர் 26 அன்று பெங்களூருவில் முழு அடைப்பு. 29 அன்று கர்நாடகம் முழுவதும். தமிழகப் பேருந்துகள் ஒசூரோடு நிறுத்தப்பட்டன. அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மழைமானிகள் காட்டியது ஒரே குறைவைத்தான்.